அப்பாவின் பாதியில் ஊதிய விசில்

அப்பா, கழுத்தில் விசில். சித்தப்பா, அவர் கழுத்திலும் விசில். அம்மா, எலுமிச்சை ஜூஸ் குடத்தோடு. வேப்பம்பட்டுப் பெண்கள் ஐந்து பேர். அவர்களுடைய மாஸ்டர். நாங்கள் ஐந்து பேர். சுற்றிலும் ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள், தொப்பியைக்கூடக் கழற்றாமல். கும்மிடிப்பூண்டியில் மே தினத்துப் பாஸ்கெட்பால் மேட்ச்சுக்கு வந்தவர்கள் இவ்வளவுதான்.

ஜெயித்தால் புதுப் பந்து. எங்களிடம் இருந்தது பஞ்சர் ஒட்டிய பந்து. தட்டினால் ஒரு பக்கமாகவே போகும். அந்த வருஷம் முழுக்க அதன் பின்னால் ஓடியிருந்தோம்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே இரும்பு ஷெட்டில் வேலை. சித்தப்பா மேலே கிரேன் ஓட்டுவார். அப்பா கீழே நின்று விசில் ஊதிக் கை காட்டுவார். விசில் வைத்திருந்தது அவர்கள் இருவர்தான். அதனால் ரெஃப்ரி ஆனார்கள். ஷெட்டில் ஆளுக்கு ஒரு பகுதி உண்டு. அதே மாதிரி கோர்ட்டையும் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். நாங்கள் பந்து போடும் கூடை இருந்த பாதி அப்பாவுக்கு. மற்றது சித்தப்பாவுக்கு. ஒருவர் பாதியில் மற்றவர் ஊதக் கூடாது.

பெண்ணுக்காக ஊதினான் என்று நாளைக்கு ஒருத்தனும் பேசக் கூடாது என்று அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார். சொன்னபடியே செய்தார். என்னைத் தள்ளினார்கள், இடித்தார்கள். அப்பா வானத்தைப் பார்த்தார். நான் லேசாக இடித்தால் மட்டும் உடனே ஊதினார்.

கடைசி நிமிஷம். நாங்கள் இருபது, அவர்கள் இருபத்தொன்று. கூடைக்குக் கீழே எம்பினேன். அந்தப் பக்கத்து உயரமான பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். விழுந்தேன். அப்பா வாயில் விசில் இருந்தது. சத்தம் வரவில்லை. ஒரு கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து, இப்படியும் அப்படியும் வீசினார். கூட்டத்தை உட்காரச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விசில் மறு பாதியிலிருந்து வந்தது. சித்தப்பா ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

"இது என் பக்கம். நீ இன்னாத்துக்குடா இங்க வந்து ஊதுற?" என்றார் அப்பா.

"ஸ்டாப்பு யாரு வேணா குடுக்கலாம்ணா. நம்ம ஷெட்ல அப்டித்தான?"

ஷெட் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேப்பம்பட்டு மாஸ்டர் சிரிக்கவில்லை. அண்ணன் பெண்ணுக்குத் தம்பி ஊதுகிறான், நல்ல மேட்ச்சு என்றார். அப்பா குனிந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். அப்போது அந்த உயரமான பெண்ணே முன்னால் வந்தாள்.

"நான் புடிச்சேன் சார். நல்லாவே புடிச்சேன்."

மாஸ்டர் கையை விரித்துக்கொண்டு கோர்ட்டுக்கு வெளியே போனார். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே விழுந்தது. இரண்டாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் கத்தியதில் தெரிந்தது.

மதியம் சாப்பாட்டில் அப்பா சித்தப்பாவை விடாமல் திட்டினார். திட்டிக்கொண்டே தன் தட்டிலிருந்த கறியை எடுத்து அவர் தட்டில் வைத்தார். சித்தப்பா தலை நிமிராமல் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். நான் புதுப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவை முறைத்தேன். பெற்ற பெண் விழுந்தும் ஊதாத மனுஷன்.

இப்போது எனக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு ஃபாக்டரியில் வேலை. சேர்ந்த அன்று கிரேன் சைகைகளைப் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு படத்தில் நீட்டிய கை, உள்ளங்கை கீழே, இப்படியும் அப்படியும் வீச்சு. அடியில் 'நிறுத்து' என்று எழுதியிருந்தது. மேலே இருக்கிறவன் அந்தக் கையைப் பார்த்தால் யோசிக்கவே கூடாதாம்.

இருபத்திரண்டு, இருபத்தொன்று.