ஆடியில் வந்த கல்யாணக் கார்கள்

பழனியம்மாளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் திருச்செங்கோட்டுச் சாலையில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தின் வெட்டவெளியில், ஒன்பது வருஷமாகக் கார்களை இடம் பார்த்து நிறுத்த வைப்பவள் அவள்தான். புங்க மரத்தடியில் நிழல் உண்டு, ஆனால் மரத்திலிருந்து சொட்டிச் சாயங்காலத்துக்குள் கார்க் கூரையெல்லாம் பிசுபிசுத்துவிடும். அரச மரத்தில் காக்கைகள். எச்சம் விழுந்தால் தேய்க்க விடமாட்டாள். பழைய வேட்டித் துண்டை நனைத்துப் போட்டு, ஊறவிட்டு ஒற்றி எடுப்பாள். தூசி படிந்த காருக்கு உறை போடும் டிரைவர்களோடு சண்டைக்கே போய்விடுவாள். காற்றில் உறை ஆடினால் அடியில் இருக்கும் மண் உப்புத்தாள் மாதிரி பெயிண்டைத் தேய்த்துவிடும் என்பது அவள் கண்ணால் பார்த்த பாடம்.

அவளுக்கு அடங்காத ஒன்று மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. அங்கே ஸ்ப்ரே அடிக்கும்போது மேற்குக் காற்று வீசினால் பெயிண்ட் பனி மாதிரி சுவரைத் தாண்டி வரும். வரும்போது கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பிறகு தடவிப் பார்த்தால் மணல் போல நெருடும். வைகாசியில் ஒரு வெள்ளைக் கார் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். மண்டப மேனேஜர் தனபால் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு வண்டி இப்படி ஆனால் நீங்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி தறிக்குப் போக அவள் முழங்கால் இடம் கொடுக்காது.

அன்றைக்கே பட்டறை மேஸ்திரி அருணகிரியிடம் போய் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். தினக்காலண்டரில் முகூர்த்தம் போட்ட நாளில் அவர் ஸ்ப்ரேயைத் தொடக் கூடாது. பதிலுக்கு, ஆடி மாதம் முழுக்க அவர் இஷ்டம். ஆடியில் யார் கல்யாணம் வைக்கப் போகிறார்கள்?

கல்யாணப் பெண் ஜெனிட்டாவின் வீட்டார் வைத்தார்கள். செவ்வாய்ப்பேட்டைக் கிறிஸ்தவர்கள். கோவிலில் ஃபாதர் குறித்துக் கொடுத்த தேதி; ஆடி என்பதால் மண்டபமும் சுலபமாகக் கிடைத்தது. பழனியம்மாளுக்கு முதல் நாள்தான் சொன்னார்கள். முகூர்த்த நாள் என்றால் அவள் கால் தானாகப் பட்டறைக்குப் போகும். அன்றைக்குக் காலண்டரில் கரிநாள் என்று போட்டிருந்தது. கால் போகவில்லை.

பன்னிரண்டரை மணி. உள்ளே பிரியாணிப் பந்தி. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் இரையத் தொடங்கியது.

அவள் ஓடினாள். அருணகிரி மூக்குத் துணியை இறக்கிவிட்டுப் பேசினார். "பாதி கேபின் அடிச்சாச்சுங்க்கா. இப்ப நிறுத்துனா கோடு உழுந்துரும், எல்லாத்தையும் சுரண்டோணும். ஆடி பூரா உங்க இஷ்டம்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. லாரியின் எதிர்ப்பக்கத்தை முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும், அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் வந்தே ஆக வேண்டும் என்றார்.

சுவரோரம் பதினொரு கார்கள், எல்லாம் பூட்டி இருந்தன. ஆளாளாகத் தேடிச் சொன்னால் விஷயம் வெளியே வராது. ஆனால் பத்து நிமிஷம் போதாது. மைக்கில் சொன்னால் போதும். ஆனால் தப்பு யாருடையது என்று மண்டபத்துக்கே தெரிந்துவிடும். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேடையைப் பார்த்து நடந்தாள்.

பெண்ணின் அண்ணன் ஜூட்தான் மைக்கை வைத்திருந்தான். "என்னக்கா, பாட்டுப் பாடப் போறீங்களா?" என்று சிரித்தான்.

"குடு சாமி," என்று வாங்கினாள். கூடம் முழுக்க அவள் குரல் கேட்டது. "மேக்கால சுவத்தோரம் கார் நிறுத்துனவங்க உடனே வந்து எடுத்துருங்க. பக்கத்துப் பட்டறையில பெயிண்ட் அடிக்கறாங்க, உங்க வண்டி மேல உழுகும். அவங்ககிட்ட முன்னாடியே சொல்லாம உட்டது என்ற தப்புங்க."

எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சாவியைத் துழாவியபடி ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் வாழை இலைத் துணுக்கு ஒட்டிய சட்டையோடு வண்டியைப் பின்னால் எடுத்தார். ஜூட்டின், ரோஜா மாலை போட்ட புதுக் கறுப்புக் கார் நகர்ந்தபோது அவளுக்கு மூச்சு வந்தது. பத்து கார்கள் போய்விட்டன.

பதினொன்றாவது நகரவில்லை. அது தனபாலுடையது. ஐஸ் வாங்கச் சமையல்காரரின் வேனில் போயிருந்தார். சாவி அவர் பையில்.

பானட்டில் ஆடிப் புழுதி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அப்படியே துணி போட்டால் கீறல், போடாவிட்டால் புள்ளி. குழாயடிக்கு ஓடி, குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிப் புழுதியை வழியவிட்டாள். ஜூட் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து கூரைமேல் ஊற்றினான். அவன் கை தேய்க்கப் போனபோது அவள் தட்டிவிட்டாள். சாப்பாட்டு மேஜைக்கு விரிக்கும் வெள்ளைத் துணிகளை நனைத்து, இழுக்காமல் தூக்கிப் பரப்பி, முனைகளைச் சக்கரங்களில் கட்டினார்கள். மேற்குப் பக்க முடிச்சு நிற்கவில்லை. அதற்குள் கம்ப்ரஸரின் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. அவள் ஜூட்டைப் பந்திக்கு அனுப்பிவிட்டு, அந்த முனையைத் தானே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடி தொண்டையை அடைத்தது. அரை மணி நேரம்.

தனபால் வந்து இறங்கியபோது துணியெல்லாம் சிவப்புப் பொடி. அவள் தலைமுடியிலும் கொஞ்சம். வேனில் வரும்போதே யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும், அவர் நேராகத் தன் காரிடம் வந்தார். அவள் முடிச்சுகளை அவிழ்த்துத் துணியை நேராகத் தூக்கி எடுத்தாள்.

அவர் உள்ளங்கையைப் பானட்டில் வைத்துத் தடவினார். கண்ணாடி ஓரம், கூரை, கதவு. மேற்குப் பக்கக் கதவில் கை இரண்டு தரம் போய் வந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரம் மட்டும்தான்.

"வர்ற பொதங்கெழமையும் ஒரு சர்ச் கல்யாணம் இருக்குதுங்க்கா," என்றார். "காலண்டர்ல போட்டிருக்காது. இப்பவே போயி அருணகிரிகிட்டச் சொல்லிட்டு வந்துருங்க."

"சொல்லிட்டு வாரனுங்க," என்றாள். சுவரைச் சுற்றிப் பட்டறைக்கு நடக்கும்போதுதான் தன் விரல்கள் இன்னும் துணியைப் பிடித்திருப்பது போலவே மடங்கி இருப்பதைப் பார்த்தாள்.