பெயர் எழுதாத தாள்கள்

1. வலியசாலைக்குப் பக்கத்துப் பள்ளியில், பிளஸ் டூ வகுப்புக்கு என் ஆய்வுக்காகப் புகைப்பழக்கம் பற்றிய கேள்வித்தாள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம் என்றேன்.
2. பொன்முடி சுற்றுலாவில் ஒரே முறை இழுத்த பையன், தன்னைப் புகைப்பவன் என்று எழுதினான்.
3. வாரம் நான்கு சிகரெட் பிடிக்கும் பெண், தான் புகைப்பவள் இல்லை என்று எழுதினாள்.
4. ஒழுங்கு ஆசிரியர் தாள்களை வருகைப் பதிவேட்டு வரிசையில் வாங்கி அடுக்கினார். நான் அதைக் கவனிக்கவில்லை.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர். மாணவிகளின் விரல்களை மட்டும் முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். தாள்களின் வரிசையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு இருவரையும் அழைத்தார்.

"எடா, பெரிய ஆளாயிட்டே, அல்லே?" என்று சிரித்துப் பையனை அனுப்பிவிட்டார்.

"நான் ஸ்மோக்கர் ஒண்ணும் இல்ல சார். பரீட்சை டென்ஷன்னா மட்டும்தான்" என்றாள் பெண்.

"அப்பாவைக் கூட்டிண்டு வா. அதுவரைக்கும் கிளாஸுக்கு வரண்டாம்."

"யார் எழுதினதுன்னு தெரியாதுன்னு நான் வாக்குக் கொடுத்திருக்கேன் சார்" என்றேன்.

"அவன் ஆம்பளைப் பிள்ளை மோளே, நாளைக்கே விட்டுடுவான். இவளை யாரு கட்டிப்பா?"

என்னை மகளே என்றழைத்து, அதை அவர் கரிசனமாகவே சொன்னார். அந்தக் குரலை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அவள் வகுப்புக்கு வராமல் ஒன்பது நாளாகிறது. பையன் தினமும் வருகிறான். வரிசையைக் கலைக்காமல் விட்டது என் தவறு.