பாய் வில்லை போட்ட சட்டி

வியாழக்கிழமை காலை பட்டறை வாசலில் பலராமன் என்னை மறித்தான். "பாய் பூட்டாருப்பா. விடிகாலைல தொழுவ எயிந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்."

எந்தப் பாய் என்று கேட்கவில்லை. ஆவடியில் யுத்த லாரிகளைப் பழுதுபார்க்கும் எங்களுக்கு ஒரே பாய்தான்: பூந்தமல்லி காதர் பாய், ஃபிட்டர், எங்கள் சங்கத்தின் முதல் காரியதரிசி. அவரோடு நான் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தோழர்களுக்கு அதன் பாதிக் காரணம் தெரியும். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கத்தை அகில இந்திய சம்மேளனத்தோடு இணைக்க ஒற்றைக் காலில் நின்றவர் அவர். "ஆவடில நம்மள அடிச்சா பம்பாய்ல எவனாவது கத்தணும் நைனா. அப்பதான் மனுசனா மதிப்பான்" என்பார். பாய் பம்பாய்க்குச் சம்பந்தம் பேசப் போகிறார் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். பிறகு ஒருமுறை, கூட்டம் போட்டார் என்று போலீஸ் அவரைப் பிடித்துப் போனது. பம்பாய் சம்மேளனத்திலிருந்து சர்க்காருக்குத் தந்தி பறந்தது. மத்திய சட்டசபையில் யாரோ ஓர் அங்கத்தினர் கேள்வி கேட்டார். நான்காம் நாள் பாய் வெளியே வந்தார். நேரே பட்டறைக்கு வந்து, "இன்னா, பம்பாய்க்குக் கேட்டுச்சா?" என்று என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். அதோடு கிண்டலை விட்டேன்.

யுத்தத்தின் நடுவே பதினோரு பேரை வேலையைவிட்டு நீக்கினார்கள். சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினார்களாம். அவர்களில் என் தம்பி முனுசாமியும் ஒருவன். வேலைநிறுத்தம்தான் என்று கொதித்தோம். அப்போது சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது: உலகத்துக்கே ஆபத்தான நேரம், யுத்தம் முடியும்வரை வேலைநிறுத்தம் கூடாது. எங்கள் பதினோரு பேரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

எங்கள் சங்கத்தின் ஓட்டு முறை வேறெங்கும் இருக்குமா தெரியாது. பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. கையைத் தூக்கினால் மேஸ்திரி காதுக்குப் போய்விடும். அதனால் வேலைக்கு நுழையும்போது காட்டுகிற, எண் பொறித்த பித்தளை வில்லையைத்தான் போடுவோம். துணி மறைப்புக்குப் பின்னால் இரண்டு மண்சட்டிகள்; ஒன்று வேலைநிறுத்தத்துக்கு, மற்றது வேண்டாம் என்பதற்கு. பலராமன் எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, எண்ணைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பான். எவன் வில்லை எந்தச் சட்டியில் கிடந்தது என்று அவன் மூச்சுவிடக் கூடாது. அது பாய் வைத்த விதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் எழுந்து கடிதத்தை வாசித்தார். "நமக்குப் புடிச்சதச் சொன்னா கேப்போம், புடிக்காததச் சொன்னா தூக்கிப் போட்ருவோம்னா, இன்னாத்துக்குச் சம்மேளனம்? இன்னிக்கி நாம தனியாப் போனா, நாளைக்கி நமக்காக எவன் கத்துவான்?" என்றார். என் முகத்தைப் பார்க்காமலேதான் பேசினார்.

ஒன்பது வில்லை வித்தியாசத்தில் தோற்றோம்.

அதுவரை அவரை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். "என் தம்பிய வித்துட்டியே, துரோகி!" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு, வில்லையைக்கூட வாங்காமல் கிளம்பினேன்.

வில்லை இல்லாவிட்டால் மறுநாள் பட்டறைக்குள் விடமாட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில், பூந்தமல்லியிலிருந்து அரை மணி நடையில் இருக்கும் பாரிவாக்கத்தில், பாய் என் வீட்டு வாசலில் நின்றார். "இந்தா நைனா, உன் வில்லை. நாளைக்கி வேலைக்கு வந்துரு." பிடுங்காத குறையாக வாங்கிக் கதவைச் சாத்தினேன். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. தம்பி பிழைப்பைத் தேடித் தங்கவயல் போனான். பாய் எதிரே வந்தால் நான் சாலையின் மறுபக்கம் மாறி நடந்தேன்.

யுத்தம் முடிந்தது. காற்று மாறியதும் அதே சம்மேளனம் இப்போது வேலைநிறுத்தத்துக்குத் தயாராகு என்று கடிதம் எழுதியிருக்கிறது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பாய்க்கு எப்படி இருந்ததோ, கேட்க வழியில்லாமல் செய்துகொண்டேன்.

பூந்தமல்லி மையவாடியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வெளியே வந்தோம். பலராமன் என் கையைப் பிடித்தான்.

"இனிமே சொல்லலாம்னு நெனைக்கிறேன். அன்னிக்கி பாயோட வில்லை ஸ்ட்ரைக்குச் சட்டிலதான் கெடந்துது. அவரு நம்பரு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன்டா அப்டிப் பேசுனாரு?"

"நானும் கேட்டேன். 'பேசுனது காரியதரிசி, வில்லை போட்டது ஃபிட்டரு'ன்னாரு. உங்கிட்ட சொல்லட்டான்னேன். 'சொன்னா நாளைக்கி எவன் நம்பி வில்லை போடுவான்? அவன் திட்டிக்கினு போட்டும் உடு'ன்னுட்டாரு."

சம்மேளனத்தின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. என்மேல் வந்திருக்கும் கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பாய் கொண்டுவந்து கொடுத்த வில்லை என் சட்டைப்பையில் இருக்கிறது; தினமும் அதைக் காட்டித்தான் வேலைக்கு நுழைகிறேன். நான் விட்டுவந்ததை அவர் அன்றைக்கே நடந்து வந்து திருப்பித் தந்தார். நான் சொன்ன சொல்லைப் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் இருந்தது. பாரிவாக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும், தோழர்களே.