பின்பக்கம் மட்டும் பார்த்தேன்

எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம் நடந்தது இது. அப்போது நான் திண்டிவனத்தில் ஜீப் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ராணுவத்தில் கழித்து ஏலத்தில் விட்ட பழைய வண்டி. வரப்பு, ஏரிக்கரை, ஆற்று மணல் எதுவானாலும் போகும். சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லிவரைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். பஸ் போகாத ஊர்க்காரர்கள் எங்கள் ஸ்டாண்டைத்தான் தேடி வருவார்கள்.

மற்ற டிரைவர்கள் கூவி ஆள் பிடிப்பார்கள். எனக்குக் கூச்சம், வாய் வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நாலு பேர் கூடினால் ஓரமாகத்தான் நிற்பேன். என்னைத் தேடி வந்த ஒரே நிலையான வாடகை, மண்டகப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர்களைத் திருவக்கரை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் வருவேன். அந்த வருமானத்தை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வருஷம் எங்கள் ஸ்டாண்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் பட்டறை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டோம். அவர் வைத்திருந்ததும் என்னுடையதைப் போன்ற ஏலத்து ஜீப்தான். ஆனால் அதில் வேறொரு வேனின் டீசல் இன்ஜினை இறக்கி, புது மாடல் ஜீப்பின் பாகங்களை மாட்டியிருந்தார். என் வண்டி ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்தாலே அலறும், உள்ளே இருப்பவர்களைத் தூக்கிப் போடும். அவருடையது வழுக்கிக்கொண்டு போகும்.

எனக்கு வயிறு எரிந்தது. டீக்கடையில் அவருக்கு மட்டும் கிளாஸை இரண்டு தரம் கழுவிக் கொடுக்கிற மாதிரி தோன்றும். அவர் வண்டியை நிறுத்தும்போது குலுங்காமல் நிற்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வீட்டில் என் மனைவியும் விடவில்லை.

"அந்த பாய் வண்டி ஆரன் சத்தம்கூட நல்லா கீதுய்யா. உன்னுது ஆடு கத்துறாப்பல கீது."

அன்று நான் சோற்றில் கை வைக்கவில்லை.

புரட்டாசிப் பௌர்ணமி முடிந்து திரும்பும்போது, அந்த விவசாயக் குடும்பத்து அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, தப்பா நினைக்காதப்பா. அடுத்த மாசம் அந்த பாய் வண்டிய வச்சிக்கலாம்னு எம் மருமவ சொல்லிக்கினு கீறா. உன் வண்டில போய் வந்தா சாமி கும்பிட்ட பலனெல்லாம் இடுப்பு வலிக்கே சரியாப் பூடுதாம்."

"அடுத்த மாசம் பாருங்கம்மா. என் வண்டியும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"சரி, பாக்கலாம். குலுக்குச்சின்னா பாய்க்குத்தான், சொல்லிட்டேன்."

பாயிடமே போய், என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் பெரியவர் ஆகிவிடுவார் என்று தோன்றியது. ஒருநாள் அவர் டீ குடிக்கப் போனபோது, செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் போல அவர் வண்டிக்குப் பின்னால் குனிந்து அடியில் பார்த்தேன். பின் அச்சும் ஸ்பிரிங் பட்டைகளும் புதியவை. முன்பக்கமும் போய்ப் பார்க்க ஆசைதான். ஆனால் டீக்கடை முன்பக்கம் இருந்தது. எல்லோரும் பார்ப்பார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

விழுப்புரத்தில் பழைய இரும்புக் கடைகளை அலசி அதே மாடல் பின் அச்சை ஸ்பிரிங் பட்டைகளோடு பிடித்தேன். பட்டறை மெக்கானிக் அதன் பல்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது வேற பல்லுண்ணா. முன்னாடியும் இதே பல்லு இருந்தாத்தான் நாலு சக்கரமும் ஒண்ணா சுத்தும்."

"பாய் பின்னாடி மட்டும்தான் மாத்தியிருக்காரு. நான் பாத்தேன்."

"இன்னாத்த பாத்தியோ. ரோட்ல ஒண்ணும் பண்ணாது, முன்னாடி சும்மா உருண்டுகினு வரும். அந்தக் குட்டி லிவர மட்டும் போட்டுடாத."

நான் காதில் வாங்கவில்லை. பாய் வண்டியில் ஓடுகிறது, என் வண்டியில் ஏன் ஓடாது? மாட்டச் சொன்னேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் வழியெல்லாம் வண்டி அலறவே இல்லை. நான்தான் ஒரு பஸ்ஸை முந்திவிட்டுக் கத்தினேன்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டியாவது சேற்றில் மாட்டி இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்தால், அந்தக் கயிற்றை மாட்டிய வண்டியின் பம்பரிலேயே கட்டிவிடுவார்கள். அடுத்தவன் மாட்டும்வரை அவிழ்க்கக் கூடாது. ஊரெல்லாம் அந்தக் கயிற்றோடு ஓட வேண்டும். என் பம்பரில் அதுவரை கயிறு ஏறியதில்லை. மற்றவர்கள் மதிக்க எனக்கிருந்தது அது ஒன்றுதான்.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. அந்தக் குடும்பம் ஏறியது. அந்த அம்மா, மகன், மருமகள், மடியில் குழந்தை. ரோட்டில் போகும்போது மருமகள், "அத்த, கொழந்த தூங்கிடுச்சி பாருங்க" என்றாள். எனக்கு அம்மன் அங்கேயே காட்சி கொடுத்த மாதிரி இருந்தது.

திருவக்கரைக்குச் சுற்றுவழியும் உண்டு. ஆற்றில் இறங்கிப் போனால் சீக்கிரம். முழங்காலுக்கும் குறைவான தண்ணீர்தான். பாதி ஆற்றில் பின் சக்கரம் மணலில் லேசாகச் சுழன்றது. பழக்கத்தில் கை தானாகப் போய்க் குட்டி லிவரைத் தள்ளியது.

வண்டி ஓர் அடி துள்ளியது. அடியில் இரும்பு நறநறவென்று அரைத்தது. முன் சக்கரங்கள் ஒரு வேகத்தில் இழுக்க, பின் சக்கரங்கள் வேறு வேகத்தில் தள்ள, இரண்டும் சேர்ந்து மணலைத் தோண்டின. இன்ஜின் நின்றது. லிவரை இழுத்தேன், சிக்கிக்கொண்டு வரவில்லை. மேற்கே செஞ்சிப் பக்கம் மழை போலிருக்கிறது. தெளிவாக இருந்த தண்ணீர் சிவப்பாகி, காலடித் தகரத்தைத் தொட்டது. குழந்தை விழித்து அழுதது. மருமகள், "ஐயோ, தண்ணி ஏறுது, தண்ணி ஏறுது" என்று கத்தினாள்.

அப்போதுதான் பின்னால் கரையில் ஹாரன் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பாய் தன் ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு, வண்டியை நேராக என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஒண்ணும் பயமில்லம்மா, கொழந்தைய எங்கிட்ட குடுங்க. ஜல்தி, ஜல்தி." என் வண்டியிலிருந்து ஒவ்வொருவராக அவர் வண்டிக்கு மாறினார்கள். உயிர் தப்பியதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்திலும், அந்த அம்மா அவர் சீட்டில் உட்கார்ந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களை அக்கரையில் விட்டுத் திரும்பி வந்தவர், இடுப்புவரை நனைந்தபடி குனிந்து, என் வண்டியின் முன் அச்சைக் கையால் தடவினார். பின்னால் போய்ப் பின் அச்சைத் தடவினார். எழுந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு.

"இன்னாண்ணே, அன்னைக்கிக் குனிஞ்சி பாத்தியே, பின்னாடி மட்டும்தான் பாத்தியா? முன்னாடியும் மாத்திகீறேன்ண்ணே. கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே."

ஆறு என்னை இழுத்துக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது.

இன்ஜினைத் துடைத்துக் கிளப்பி, வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு விடச் சொன்னார். சக்கரங்களின் முறுக்கு தளர்ந்து, சிக்கியிருந்த லிவர் விடுபட்டது. கயிறு கட்டி இழுத்து அக்கரையில் ஏற்றினார். முன் சக்கரங்களுக்குப் போகும் இரும்புத் தண்டை அங்கேயே கழற்றி என் சீட்டுக்கு அடியில் போட்டார்.

அந்த அம்மா வந்து நின்றார். "இன்னா பாய், இவன் வண்டிக்கு இன்னா கேடு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா. மேல மழ, மணல் உள்வாங்கிடுச்சி. என் வண்டியா இருந்தாலும் நின்னுதான் இருக்கும். பேஜாரான எடம். திரும்பறப்ப சுத்துவழியா அண்ணன் வண்டிலயே போங்க, நல்லா ஓடும்."

அதே இடத்தில் அவர் வண்டி போய் வந்ததை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். மருமகள் அவர் வண்டியைப் பார்த்தாள், என் வண்டியைப் பார்த்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வண்டியில் ஏறினாள். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகும் என்னிடமே வந்தது.

மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போகக் கால் வரவில்லை. என் பம்பரில் கயிறு ஏறப்போகிறது, சிரிக்கப் போகிறார்கள் என்று தயாராகத்தான் போனேன். பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் சீட்டுக்குப் பின்னால் கயிறு சுருட்டிக் கிடந்தது. ஒரு டிரைவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா பாய், கயிறு ஈரமா கீது? எவன் மாட்டுனான்?"

"எவனும் மாட்டலப்பா. ஊட்ல அதுலதான் துணி காயப் போட்டிருந்தேன், மழ வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டு அவர் டீயை ஊதிக் குடித்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அடுத்த வாரம் நானே போய்க் கேட்டு, எல்லோரும் பார்க்க, அவர் வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் முன் அச்சும் வாங்கி மாட்டினேன். அந்த ஜீப் பிறகு பல வருஷம் ஓடியது.

அவர் வண்டியைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை அந்த ஆற்றோடு போய்விட்டது. ஆனால் ஈரக் கயிற்றை வண்டியில் வைத்துக்கொண்டு அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாரே, அதைப் பார்த்து வந்த பொறாமை மட்டும் இன்றுவரை எனக்குப் போகவில்லை, போக வேண்டாம் என்றும் நினைக்கிறேன்.