பஞ்சுக் கிட்டங்கியில் ஒரு பள்ளிக்கூடம்

ராஜபாளையத்தில் நான் படித்த பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் அதற்கு முன் பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியாக இருந்தது. சர்க்கார் பள்ளிதான்; கட்டடம் மட்டும் வாடகைக்குப் பிடித்தது. ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சரம்மா. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பஞ்சு விலை விழுந்து ஊரே வாடிக் கிடந்தது. பெண்பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று அவர் வீடுவீடாக ஏறி இறங்குவார். நான் பள்ளிக்குப் போனதே அப்படித்தான்.

கிட்டங்கியின் மேற்குப் பக்கம் மண்சுவர். ஒரு மழைக்குப் பிறகு அது வெளிப்பக்கமாகப் பிதுங்கத் தொடங்கியது. டீச்சரம்மா மேலதிகாரிக்கு மனு எழுதினார். மறுபடியும் எழுதினார். பதில் வராமல் போகவே, என்னையும் என் பக்கத்தில் உட்காரும் தெலுங்கு வீட்டுப் பெண்ணையும் ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் மனசு இளகும் என்று நம்பினார் போல.

மதியம்வரை காக்க வைத்த பிறகுதான் அதிகாரி கூப்பிட்டார். டீச்சரம்மா எங்களைப் பாடம் வாசிக்கச் சொன்னார். நான் திக்கினேன். வீட்டில் தமிழ் பேசாத என் தோழி ஒரு இடத்திலும் நிற்காமல் வாசித்தாள். அதிகாரி தலையாட்டினார். இந்த வருஷம் பள்ளிக்கூட நிதியைக் குறைத்துவிட்டார்கள், இருப்பதில் ஆண்பிள்ளைகள் பள்ளியைத்தான் முதலில் கவனிக்க முடியும் என்றார்.

"இடிஞ்சு விழுற சுவருக்கு ஆணு பொண்ணு தெரியுமாய்யா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

அதிகாரி அடுத்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் டீச்சரம்மா கிட்டங்கியின் குறுக்கே ஒரு கயிறு கட்டினார். அதைத் தாண்டி யாரும் மேற்கே போகக்கூடாது. நாங்கள் எல்லோரும் கிழக்கே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பள்ளியைச் சில நாள் மூடிவைக்கலாம் என்று பெற்றவர்கள் சிலர் சொன்னார்கள். மூடினால் வருகை குறையும். அதைக் காட்டியே மேலதிகாரிகள் ஒரேயடியாக மூடிவிடுவார்கள் என்று அவர் பயந்தார்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் சுவர் வெளியே சாய்ந்தது. அதில் ஏறியிருந்த உத்தரம் உருவிக்கொண்டு, ஓடுகளோடு கிழக்கே நாங்கள் இருந்த பக்கம் இறங்கியது. டீச்சரம்மா எங்களை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். என் தோழி வெளியே வரவில்லை. வலது கை நசுங்கியிருக்க, இடது கையால் டீச்சரம்மா ஓடுகளை அள்ளி வீசியது என் கண்ணிலேயே நிற்கிறது. அவளைத் தூக்கியபோது உயிர் இல்லை.

விசாரணைக்கு வந்தவர் அதே அதிகாரி. பழுதான கட்டடத்தில் ஏன் வகுப்பு வைத்தாய் என்று கேட்டாராம். மனுக்களின் நகலை டீச்சரம்மா நீட்டினார். அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு, பள்ளியை மூடவும் அவரை வேலையிலிருந்து நீக்கவும் எழுதிவிட்டுப் போனார்.

ஊரை விட்டுப் போகுமுன் டீச்சரம்மா கையில் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, என்னைச் சேர்த்துவிடுகிறேன் என்றார். அப்பா, பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஆலையில் மூட்டை சுமக்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

"ஊரு ஒரு பிள்ளையக் கொடுத்தது போதும், டீச்சரம்மா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, அண்ணாச்சி" என்றார் அவர். "அந்தப் பிள்ள முகம் கண்ணவிட்டுப் போகமாட்டேங்குது. ஆனா இவள வீட்டுல நிப்பாட்டிட்டா, அவ செத்ததோட இவளுக்கும் எல்லாம் முடிஞ்சு போகும்."

அப்பா என் துணிகளை எடுத்து வைக்கச் சொன்னார்.

விடுதியில் என்னை விட்டுவிட்டு டீச்சரம்மா தன் ஊருக்குப் போனார். இரண்டு கடிதங்களுக்குப் பதில் போட்டார், எழுத்து கோணல்மாணலாக. மூன்றாவது கடிதம் திரும்பி வந்தது. காலராவில் போய்விட்டார் என்று பின்னால் தெரிந்தது.

நான் பயிற்சி முடித்து, நாற்பதுகளில் வேறொரு பள்ளிக்கு ஆசிரியையாக ராஜபாளையம் வந்தபோதும் எங்கள் பக்கம் மூடிய பெண்பிள்ளைகள் பள்ளி மறுபடி திறக்கப்படவில்லை. என்னோடு படித்தவர்கள் ஆலைகளில் நூற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் நின்று, எழுத்தெல்லாம் மறந்து போச்சு என்றாள். அவள் தவறு என்ன இருக்கிறது? எனக்குக் கிடைத்த ஒரு மனுஷி அவளுக்குத் தொடர்ந்து கிடைக்கவில்லை.