ஓட்டை போடாமல் ஒயர் வந்த விதம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுத உட்கார்ந்தாலே பாதியில் பேனாவை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அதிலும் ஒரு ஒயர் வீட்டுக்குள் வந்ததையெல்லாம் யார் பொறுமையாகப் படிப்பார்கள் என்ற கூச்சம் வேறு. ஆனால் எங்கள் தெருவில் அந்த விஷயம் ஆளுக்கு ஆள் வளர்ந்துகொண்டே போகிறது. ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த அம்மா ஒருவர் எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னிடமே கேட்டார்: "இந்தத் தெருவுல ஏதோ ஒரு வீட்ல, சுவத்துல ஓட்டையே போடாம இன்டர்நெட் ஒயர் தானா உள்ள வந்துச்சாமே, எந்த வீடுங்க அது?"

அண்ணாமலையார் மகிமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் ஒயர் தானாக வரவில்லை. கூடவே இருந்து பார்த்தவள் நான். அதனால்தான் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன்.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா. மாடியில் இரண்டு வீடுகள். தெருவைப் பார்த்த முன்வீட்டில் பூக்காரம்மாவும் அவர் கணவரும். பின்வீட்டில் நாங்கள்: நான், என் வீட்டுக்காரர், என் பையன், மருமகள். இரண்டு வீட்டு வாசலும் ஒரே நடையில்தான் திறக்கும். எங்கள் ஒற்றை ஜன்னலும் அந்த நடையைப் பார்த்ததுதான். பின்பக்கம் அடுத்த கட்டிடம் ஒட்டியே எழும்பியிருந்தது. மொட்டை மாடிக்குப் போனால் மட்டும் மலை முழுசாகத் தெரியும். அந்த ஒன்றுக்காகவே 1989-ல் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடி வந்தோம். அப்போது போன் பேச வேண்டும் என்றால் ரோட்டுக்குப் போய் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்க வேண்டும்.

மருமகள் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. பட்டம் படித்த பெண். அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, கம்ப்யூட்டரில் டைப் அடித்துத் தருகிற வேலை. கம்பெனி சென்னையில். வாரம் முழுக்க அங்கே ஹாஸ்டலில் தங்கிவிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறி வருவாள். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் ஆபீஸ் வேலை என்று போன முதல் பெண் அவள்தான். அவள் கழுத்தில் அடையாள அட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினால் எனக்கே நெஞ்சு நிமிரும்.

முதல் தடவை உண்டானது நிலைக்கவில்லை. மறுபடி உண்டானபோது டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார்: பஸ் பயணம் கூடவே கூடாது. கம்பெனியில் நல்ல மனிதர்கள். வீட்டிலிருந்தே செய்யட்டும், கம்ப்யூட்டரும் தருகிறோம், ஆனால் மாசக் கடைசிக்குள் வீட்டில் பிராட்பேண்ட் இருக்க வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"விட்டுட்டா திரும்பக் கிடைக்காது அத்தை" என்றாள். அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதனால் கண்ணீரைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது.

டெலிபோன் ஆபீஸில் எழுதிக் கொடுத்தோம். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரம்மா சம்மதம் வேண்டும். கேட்டதும் அவர் சிரித்த முகமாகத்தான், "தாராளமா இழுத்துக்கோங்க" என்றார். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"அது சரி, சுவத்துல ஓட்டை போடுவாங்களா?"

"போடாம எப்படிங்க?"

"மாசமா இருக்கிற பொண்ண வெச்சிக்கிட்டா? ஆணி கூட அடிக்கக் கூடாதும்மா. உனக்குத் தெரியாததா?"

தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் சுவரை இடிப்பதோ, ஆணி அடிப்பதோ, துளை போடுவதோ கிடையாது. எங்கள் வீட்டில் காலண்டர் ஆணி ஒன்று கழன்று விழுந்ததைக்கூட நான் அந்த மாதங்களில் திரும்ப அடிக்கவில்லை. காலண்டரை நாற்காலி முதுகில் சாய்த்து வைத்துத்தான் நாள் பார்த்தோம்.

"கீழ்வீட்டுச் சுவத்துல போட்டா பரவால்லையா?" என்று என் பையன் கேட்டான்.

"மேல வீடு, கீழ வீடுன்னு அஸ்திவாரம் தனித்தனியாவா போட்டிருக்கு? மொத்தக் கட்டடமும் ஒரே வீடுதான்" என்றார் வீட்டுக்காரம்மா.

மருமகள் படித்தவளாயிற்றே, சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "வேணாங்க அத்தை. ஏதாவது ஆயிடுச்சின்னா காலம் பூரா அந்த ஓட்டையையே பாத்துட்டு இருக்கணும்" என்றாள். போன தடவை பட்டது அப்படிப் பேச வைத்தது.

ஆக, அவள் மாசமாக இருப்பதால் ஒயர் வேண்டும். அவள் மாசமாக இருப்பதால் ஒயர் வர முடியாது. நான் மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். "அப்பனே, வேலையும் நிலைக்கணும், புள்ளையும் நிலைக்கணும். ரெண்டுல ஒண்ணைக் கேக்கச் சொன்னா எனக்குக் கேக்கத் தெரியாது" என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் லைன்மேன் இடம் பார்க்க வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு மாடிக்கும் தெருவுக்கும் நடந்தார். எங்கள் வீட்டில் கேபிள் டிவி கிடையாது, அதனால் ஏற்கெனவே போட்ட ஓட்டையும் கிடையாது. மாடிப்படி வழியாக இழுக்கலாம் என்றால் அங்கே இரும்புக் கதவு, தினமும் சாத்தித் திறக்கும்போது ஒயர் நசுங்கிவிடும்.

"ஒரே வழிதாம்மா" என்றார். "முன்வீட்ல தெருப்பக்கம் மேல, காத்து வர்றதுக்கு வெச்ச சிமென்ட் ஜாலி இருக்கு. அதுல நுழைஞ்சி, அவங்க ஹால் வழியா வந்து, வாசக்கதவுக்கு மேல இருக்கிற ஜாலியில வெளிய வந்தா உங்க ஜன்னல். ஒரு ஓட்டை வேணாம். அவங்களக் கேட்டு வைங்க. நான் நாலு நாள் கழிச்சி வர்றேன்."

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பூக்காரம்மாவும் நானும் பேசி இரண்டு தீபம் கடந்திருந்தது.

காரணம் மொட்டை மாடிக் கொடிக் கயிறு. ஒரு கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம், மலை உச்சியில் தீபம் ஏற்றும் நேரம், நாங்கள் எல்லாரும் மேலே போனால் மலைக்கு நேர் எதிரே அவர் புடவைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"இன்னிக்காவது மலைய மறைக்காம துணி போடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன், என் புடவைக்குப் பயந்து மலை எங்கனா ஓடிப் போயிடுச்சா? அங்கயேதான் நிக்குது, எட்டிப் பாருங்க" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து படியில் எதிரே வந்தால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் கைப்பிடியைப் பார்ப்பேன். பிரசாதம் கொடுப்பதாக இருந்தால்கூடக் கீழே வீட்டுக்காரம்மா வழியாகத்தான்.

என் வீட்டுக்காரரிடம், "நீங்க போய்க் கேளுங்களேன்" என்றேன். "நீ மூட்டின அடுப்பு, நீயே போய் அணை" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இரண்டு நாள் நடைக்கு வருவதும் திரும்புவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் போய் நின்றேன். பூக்காரம்மா வாசற்படிக்குள் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். கடைக்குக் கட்டிக் கொடுப்பதுதான் அவர் தொழில். தலையைத் தூக்காமலே கேட்டார்:

"என்னக்கா, மலை மறைக்குதா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும், "இல்லம்மா, ஒரு உதவி கேட்டு வந்தேன்" என்றேன்.

"லைன்மேன் சொன்னது காதுல விழுந்துச்சி. இந்தக் கட்டடத்துல ஒருத்தர் தும்முனா எல்லா வீட்டுக்கும் கேக்கும்."

"கேட்டுட்டுமா சும்மா இருந்தே?"

"பின்ன? பேசாத வாய் வந்து பேசட்டும்னுதான் இருந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பூவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே கை காட்டினார். அப்போதுதான் பார்த்தேன். தெருப்பக்க ஜாலிக்கு நேர் கீழே அவருடைய பூஜை பலகை. அண்ணாமலையார், உண்ணாமுலையம்மன் படம், குலதெய்வத்துக்கு வைத்த செம்பு, ஓயாமல் எரியும் விளக்கு.

"ஒயரு அதுல நுழைஞ்சா சாமி தலைக்கு மேலதான் தொங்கும்" என்றார்.

அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் சம்மதித்திருக்க மாட்டேன். சாமி தலைமேல் கரண்டு ஒயரா, போன் ஒயரா, எதுவானாலும் ஒயர் ஒயர்தான். பூஜை இடத்தை மாற்றுவதும் சாதாரண காரியம் இல்லை. வீடு மாறும்போது தவிர வேறு எப்போதும் யாரும் தொடுவதில்லை. "சரிம்மா, விடு" என்று திரும்பினேன்.

"எங்க போறீங்க? சொல்லி முடிக்கல" என்றார். "சாமி கொஞ்சம் நகந்துக்குவாரு. வயித்துப் புள்ளக்காரி நகர முடியுமா? நாளைக்கு நாள் நல்லாருக்கு, மாத்திடறேன். விளக்கப் புடிக்க ஒரு ஆள் வேணும், வந்துடுங்க."

அவர் மறுபடி பூவை எடுத்துக்கொண்டார்.

புதிதாகப் பலகை அடிக்கவும் முடியாதே, அதற்கும் ஆணி வேண்டும். அதனால் அவர் மளிகை வைத்திருந்த, கைக்கு எட்டும் உயரத்துச் சுவர் அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்தார். பருப்பு டப்பாக்கள் தரைக்கு இறங்கின. தட்டைக் கழுவி, மஞ்சள் பூசி, கோலம் போட்டு, படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். நான் விளக்கு அணையாமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். "கோச்சிக்காதீங்க சாமி, ஒரு குழந்தைக்கோசரம்தான்" என்று அவர் படத்திடம் சொன்னது, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொல்வது போலவே இருந்தது.

லைன்மேன் சொன்ன நாள் பௌர்ணமியாகப் போய்விட்டது. அதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. பகலிலேயே செங்கம் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மாசக் கடைசி நெருங்கிவிட்டது, இனி வரமாட்டார் என்று நான் வாசலில் நின்று தவித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு மேலே ஒரு ஏணி மட்டும் மிதந்து வந்தது. தோளில் ஏணி, கையில் ஒயர் சுருள், வெறுங்காலோடு லைன்மேன்.

"செருப்பு எங்கங்க?" என்றேன்.

"கூட்டத்துல அறுந்து போச்சும்மா. வழியில ஒரு தாத்தா ஏணியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறாரு. 'என்ன வேண்டுதல் சாமி?'னு கேக்கறாரு. 'லைன் குடுக்கணும்னு வேண்டுதல்'னு சொல்லிட்டு வந்தேன்."

வந்த களைப்பிலேயே பையிலிருந்து கிளிப்பையும் சுத்தியலையும் எடுத்தார். நாங்கள் நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றோம். பயந்து சுத்தியலைக் கீழே போட்டுவிட்டார்.

"கிளிப் அடிக்காம ஒயரு எப்படிம்மா நிக்கும்?"

பூக்காரம்மா உள்ளே போய்ப் பூக்கட்டும் நூல்கண்டை எடுத்து வந்தார். ஸ்டூலில் ஏறி, ஜன்னல் திரைக் கம்பியோடும் ஜாலிச் சட்டங்களோடும் ஒயரைச் சேர்த்துப் பிடித்து, சரம் கட்டுகிற அதே கைவேகத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தார். லைன்மேன் கீழே நின்று ஒயரைத் தளர்த்திக் கொடுத்தார்.

"இவ்ளோ நெருக்கமா கட்டுறீங்களேம்மா, முழம் போட்டு விக்கப் போறீங்களா?" என்றார்.

"ஆமா, உன் தலையில வெக்கறேன், குனி" என்றார் பூக்காரம்மா.

ஒயர் எங்கள் ஜன்னலுக்குள் வந்ததும் மருமகள் தன் கையாலேயே அதை வாங்கினாள். மோடம் பெட்டியில் அதைச் செருகி ஸ்விட்சைப் போட்டார்கள். விளக்கு மின்னி மின்னி, கடைசியில் பச்சையாக நின்றது. நான் விபூதியை எடுத்து வந்தேன். "மேலா வைங்கம்மா, சந்துக்குள்ள கொட்டிடாதீங்க" என்று கெஞ்சினார் லைன்மேன். அன்று அவருக்கு வீட்டுக்காரம்மா வீட்டில் சாப்பாடு, என் வீட்டுக்காரரின் செருப்பு.

மாசக் கடைசிக்கு முன்பே அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். காலை நீட்டி உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, யாரோ அமெரிக்காக்காரரின் மூட்டு வலியை அவள் டைப் அடிக்கும்போது நான் பக்கத்தில் கீரை ஆய்வேன். பூக்காரம்மா தினமும் காலையில் தன் விளக்கை ஏற்றிவிட்டு நடையில் குரல் கொடுப்பார்: "லைன் இருக்கா?" "இருக்குக்கா" என்று மருமகள் சொன்ன பிறகுதான் அவர் பூவை எடுப்பார். ஒட்டடை அடிக்கும்போது யாரையும் ஒயர் கிட்டவே சேர்க்க மாட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தீட்டுக் கழிக்கும் புண்ணியதானம் முடிந்த கையோடு வீட்டுக்காரம்மா சொன்னார்: "இனிமே ஓட்டை போட்டுக்கோங்க. அவங்க வீட்டுச் சாமி பழைய இடத்துக்குப் போகட்டும்."

பூக்காரம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "சாமிக்குப் புது இடம் பழகிடுச்சி. எனக்கும் எட்டி எட்டி விளக்கேத்தற வேல இல்ல. இருக்கட்டும்" என்றார். அப்படியே இருந்துவிட்டது. பல வருடம் கழித்து மெல்லிசாக ஃபைபர் ஒயர் வந்தபோது அதுவும் அந்த ஜாலி வழியாகத்தான் வந்தது. துளை போட மெஷினோடு வந்தவரிடம் பூக்காரம்மா நூல்கண்டைத்தான் நீட்டினார்.

குழந்தை பிறந்த அந்த வருடக் கார்த்திகை தீபத்தன்று நாங்கள் மொட்டை மாடிக்குப் போனபோது கொடிக் கயிறே இல்லை. அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார். மலையில் தீபம் தெரிந்ததும் எல்லாரும் அரோகரா சொன்னோம். பூக்காரம்மா குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்து, "நல்லா பாத்துக்கோ கண்ணு. புடவ கிடவ ஒண்ணும் மறைக்கலியே? அப்புறம் உன் பாட்டி என்னைத்தான் சொல்லும்" என்றார். என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டே அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இதைப் படிக்கிற அன்பர்கள் பிறருக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், கிரிவலம் நடக்கும்போது பேச்சுத் துணைக்குச் சொன்னாலும் சரி. ஆனால் எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அதிசயம் என்று சொல்ல ஆசையாக இருந்தாலும் ஒயர் தானாக வந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் பூக்காரம்மா அந்த வீட்டிலேயே இல்லை என்று ஆகிவிடும். அவர் சாமியை நகர்த்தினார், நான் விளக்கைப் பிடித்தேன், என் பேத்தி பிறந்தாள். இந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.