படுத்தால்தான் பாலிசியா?

செவ்வாய்க்கிழமை காலை கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது, தொழிற்சாலைக் காவலர் வேலு போன் செய்தார். "சார், நம்ம எஸ்தர் சிஸ்டர் போய்ட்டாங்க சார். விடிகாலையில மாரடைப்பாம். எல்லாரும் அவங்க ஊட்டாண்டதான் போய்க்கினு இருக்காங்க." கேட் திறந்ததும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை ஓரங்கட்டினேன். முந்தின நாள் மாலைதான் சிஸ்டர் என் மேசைக்கு வந்து, இந்த வருடப் பட்டியலில் இரண்டு பேர் ஸ்கேனுக்குப் போகாமல் டிமிக்கி கொடுக்கிறார்கள், அவர்கள் ஷிஃப்டை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் எஸ்தர் சிஸ்டர் நர்ஸ். நான் அதே இடத்தில் தொழிலாளர் நல அலுவலர். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் கை ராசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவரோடு நான் போட்ட சண்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதில் நான் தோற்றேன். தோற்றது நல்லதாயிற்று.

உலைப்பிரிவில் கண்ணன் என்றொருவர் இருந்தார். மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தவர், ரத்தம் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். நுரையீரல் புற்றுநோய், முற்றிய நிலை. கம்பெனியின் குழுக் காப்பீடு மருத்துவமனைச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது. அவர் இறந்தபின் நடந்த இரங்கல் கூட்டத்தில் அதை நான் பெருமையாகச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் சிஸ்டர் என்னைத் தனியே நிறுத்தினார். "பாலிசி எல்லாம் குடுத்துச்சு சார், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாம் முடிஞ்சப்பறம் குடுத்துச்சு. மனுஷன் படுத்தாதான் பாலிசியா?"

ஐம்பதைத் தாண்டிய, பல வருடம் பீடி சிகரெட் பிடித்தவர்களுக்கு வருடத்துக்கொரு முறை, குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.டி. ஸ்கேன். அதைப் பாலிசியில் சேர்க்க வேண்டும் என்றார். எங்கள் டாக்டரும் அவர் பக்கம். எனக்கு அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை; முடியாது என்றே அவரிடம் வாதாடினேன். பாலிசியைப் புதுப்பிக்கும் பேச்சுக்கு வந்த காப்பீட்டு அதிகாரியும், "நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்கு ஸ்கேன்?" என்றே கேட்டார். சிஸ்டர் கூட்டத்தில் பேசிப் பழகாதவர். "நல்லா இருக்காங்கன்னு நமக்கு எப்படி சார் தெரியும்? அவங்களுக்கே தெரியாது," என்றார். கண்ணனின் எக்ஸ்ரேயை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அந்த வருடம் ஸ்கேன் பாலிசியில் ஏறியது. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஸ்கேனில் ஏதாவது வந்தால் வேலை போய்விடும் என்று பயந்து ஆட்கள் வர மறுத்தார்கள். முடிவுகள் நிர்வாகத்தின் கைக்குப் போகாது என்று எழுத்தில் வாங்கித் தரும்வரை சிஸ்டர் என்னை விடவில்லை. மோல்டிங் பிரிவு ஏசுதாசின் ஸ்கேனில் ஒரு நிழல் தெரிந்தது. ஒன்றரை மாதம் அலைந்து, கடைசியில் அது எப்போதோ வந்துபோன காசநோயின் தழும்பு என்று தெரிந்தது. அவர் நேராக முதலுதவி அறைக்கு வந்து சத்தம் போட்டார். "என் பொண்டாட்டி சோறு தின்னாம கெடந்தா. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" சிஸ்டர் எழுந்து நின்றே கேட்டுக்கொண்டார். "திட்டுங்கண்ணா. இப்படியும் வரலாம்னு முன்னாடியே சொல்லிருக்கணும். சொல்லாதது என் தப்பு." அதன்பிறகு ஒவ்வொருவரையும் அரைமணி நேரம் உட்காரவைத்து, ஸ்கேனால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்று சொல்லிய பிறகே அனுப்பினார்.

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் மட்டும் அவர் சமாதானமாகவே இல்லை. "உலைப் புகைக்கு யாரு பர்மனென்ட், யாரு கான்ட்ராக்ட்னு தெரியுமா சார்?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். அடுத்த புதுப்பித்தலில் அவர்களையும் சேர்த்தால் செலவு கூடும் என்று நிர்வாகம் தயங்கியது. சிஸ்டர் கேன்டீனுக்குப் போய் நிரந்தரத் தொழிலாளர்களிடமே கேட்டார். இந்த வருடம் ஆயுத பூஜை பரிசு வேண்டாம், அதை இதில் போடுங்கள் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து ஏசுதாசுடையது.

அந்த வருடம்தான் அன்வர் பாய் ஸ்கேனுக்குப் போனார். பழவேற்காட்டுக்காரர், ஒப்பந்தத்தில் உலை சுத்தம் செய்பவர். "எனக்கு இன்னாம்மா கொறச்சல்? மூட்டை தூக்கிக்கினு நடக்கறேன்," என்று இரண்டு முறை தட்டிக் கழித்தவர். அவருடைய வலது நுரையீரலில் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய்தான். ஆனால் வேறெங்கும் பரவாமல் அதே இடத்தில் நின்றிருந்தது. அறுவைச் சிகிச்சையைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. இப்போது ஸ்டோரில் வேலை பார்க்கிறார். வேலைக்குத் திரும்பிய நாளில் ஒரு கூடை நண்டோடு முதலுதவி அறை வாசலில் நின்றார். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சு டப்பாவை ஒழுங்குபடுத்தினார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. "லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே சார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சிகரெட்டோட போறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றார் ஒருநாள். போனேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இது பிடிக்கிறதுக்கு லைசென்ஸ் இல்ல," என்றார். அன்றோடு விட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு நல அலுவலர் என்னைக் கூப்பிட்டார். அவர்கள் பாலிசியிலும் ஸ்கேனைச் சேர்க்கப் போகிறார்களாம், எங்கள் ஷரத்தின் நகல் வேண்டுமாம். கோப்பைத் திறந்தபோது சிஸ்டர் கைப்பட எழுதிய முதல் வரைவு கிடைத்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கம், நீல மை. "ஐம்பது வயதைக் கடந்த நிரந்தரத் தொழிலாளர்" என்று நான் சொல்லச் சொல்ல எழுதியவர், பிறகு 'நிரந்தர' என்பதை மட்டும் பேனாவால் அழுத்தி அடித்திருக்கிறார். எப்போது அடித்தார் என்று எனக்குத் தெரியாது.

நகலை அனுப்பிவிட்டேன். அந்தச் சீட்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.